கல்லீரல் ஓரத்தில் ஒரு கை

"அண்ணி, ஒரு டீச்சர் வந்திருக்காங்க. கூடவே ஒரு சூட்கேஸும் வந்திருக்கு. ரெண்டுல எது முதல்ல அழும்னு தெரியல."

என் கொழுந்தன் எந்தச் செய்தியையும் நேராகச் சொன்னதில்லை. ஆறு வேலைகளை உதறிவிட்டு ஏழாவதாக என்னிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். அவனுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், வருஷத்தில் எட்டு மாதம் கப்பலில் இருப்பவர். தையல் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் ஒற்றை அறைத் துப்பறியும் அலுவலகத்தில் யோசனை என் பொறுப்பு. பேச்சு அவன் பொறுப்பு.

உள்ளே வந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள். ஒரு கையில் சிவப்பு சூட்கேஸ், மறு கையில் செய்தித்தாள் அளவுக்குப் பெரிய பழுப்பு உறை. சூட்கேஸைத் தன் முழங்காலோடு ஒட்டி நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஜிப்பில் நீலத் துணி ஒன்றின் முனை சிக்கி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவசரமாக அடைத்த பெட்டி. அவள் கண்ணைத் துடைத்தபோது விரல்களிலிருந்து தைல வாடை வந்தது.

"தலைவலியா?" என்றேன்.

"எனக்கில்ல மேடம். அம்மாவுக்கு ரெண்டு நாளாத் தோள்வலி. தேய்ச்சுவிட்டுட்டு வந்தேன்." பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள்: "என் வீட்டுக்காரருக்கு வேற யாரோ இருக்காங்க. இல்லேன்னா பெரிய நோய் இருக்கு. ரெண்டுல எதுன்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

கொழுந்தன் வாயைத் திறந்தான். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

விஷயம் இதுதான். போன வியாழக்கிழமையும் இந்தத் திங்கட்கிழமையும் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் கிளம்பியிருக்கிறார். இரண்டு நாளும் அவர் லீவு என்று கம்பெனியில் சொன்னார்கள். இன்று, புதன்கிழமை காலை, கார் டிக்கியில் குடை தேடியவளுக்கு இந்த உறை கிடைத்தது. உள்ளே அவர் பெயரில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படங்கள். வயிற்றுப் பகுதி. ரிப்போர்ட் மட்டும் இல்லை.

"ஸ்கேன் சென்டருக்குப் போன் பண்ணேன் மேடம். 'ரிப்போர்ட்டை நேத்தே கூட வந்த லேடி வாங்கிட்டுப் போயிட்டாங்களே'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க."

"எந்த லேடி?" என்றான் கொழுந்தன்.

"அது தெரிஞ்சா நான் ஏன் சார் உங்க மாடிப்படி ஏறப் போறேன்?"

அவளுடைய அப்பா மூன்று வருஷத்துக்கு முன்பு கல்லீரல் நோயில் போனவர். அப்போது அவள் இரண்டு மாதம் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லையாம். இப்போது அவள் கையில் இன்னொரு கல்லீரல் படம்.

"வீட்டுல யார் யார்?"

"அவர், நான், அம்மா. அவர் லிஃப்ட் எஞ்ஜினியர். நாலு வருஷம் முன்னாடி ரிப்பேர் பார்க்கப் போய் லிஃப்டுக்குள்ள மூணு மணி நேரம் மாட்டிக்கிட்டார். அதுலேருந்து மூடின இடம்னா ஆகாது. பாத்ரூம் கதவைக்கூடத் தாழ்ப்பாள் போட மாட்டார். உள்ள ஆள் இருக்குன்னு தெரியப் பாடிக்கிட்டே இருப்பார்."

"நல்லாப் பாடுவாரா?"

"சகிக்காது." சிரிக்கப் பார்த்து அழுதாள். "அம்மாவுக்கோ கதவைத் தட்டுற பழக்கம் கிடையாது. நேராத் திறந்துட்டு வந்துடுவாங்க. ரெண்டு பேருக்கும் எட்டு வருஷமாப் பேச்சு வேற இல்ல. கல்யாணத்தன்னிக்கு ஆரம்பிச்ச சண்டை. 'உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு', 'உங்கம்மாகிட்ட சொல்லு'ன்னு எல்லாம் என் வழியாத்தான் போகும். அந்த வீட்டுக்கு நான்தான் போஸ்ட் ஆபீஸ்."

"நாங்க எப்போ சொல்லணும்?"

"ஆறு மணிக்கு அவர் வந்துடுவார். ஹாஸ்டல்ல ரூம் கேட்டு வெச்சிருக்கேன். நான் இருக்கணுமா கிளம்பணுமான்னு அதுக்குள்ள எனக்குத் தெரியணும்." உறையை என் பக்கம் தள்ளியவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "நோயா மட்டும் இருக்கக் கூடாது மேடம். வேற பொம்பளையா இருந்தாக்கூடப் பரவாயில்ல. ஐயோ, நான் என்ன பேசுறேன்!"

அவள் என்ன பேசுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. இரண்டு பயங்களைத் தராசில் வைத்து எது லேசானது என்று மனசு பார்த்துக்கொண்டிருக்கிறது. துரோகம் என்றால் கோபப்படலாம். கோபத்துக்கு ஒரு பெட்டியும் ஒரு ஹாஸ்டலும் போதும். நோய் என்றால் எங்கே கிளம்பிப் போவது?

"வீட்டுக்குப் போய் உட்காருங்க. பெட்டி அப்படியே இருக்கட்டும். ஆறு மணிக்குள்ள வர்றோம்," என்றேன்.

மணி இரண்டரை.

---

ஸ்கேன் சென்டரின் உள் கதவில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: 'காந்தம் எப்போதும் வேலை செய்துகொண்டிருக்கிறது. உலோகத்தோடு உள்ளே வராதீர்கள்.'

"அண்ணி, என் பல்லுல ஒண்ணு ஸ்டீல்."

"வாயை மூடிக்கிட்டு வா."

"முப்பத்தெட்டு வருஷமா எல்லாரும் சொல்றதுதான். இப்பத்தான் மருத்துவக் காரணம் கிடைச்சிருக்கு."

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், கம்ப்யூட்டர்களின் முன்னால் ஸ்கேன்காரர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சுவரில் வட்டமாக வாய் பிளந்து கிடந்தது மெஷின். வந்த காரணத்தைச் சொன்னதும் கையை உயர்த்தினார்.

"படத்தைப் பத்திக் கேளுங்க, விடிய விடியச் சொல்றேன். ஆளைப் பத்திக் கேட்டா எனக்குக் காது கேக்காது. இருபது வருஷமா இந்த இரைச்சல் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன், சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

"படத்தைப் பத்தியே கேக்கிறோம்," என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. இழுப்பறையிலிருந்து தடிமனான ஆல்பம் ஒன்றை எடுத்தார். கல்யாண ஆல்பம் மாதிரி, ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே மெல்லிய தாள். "நல்ல படம் எல்லாம் டாக்டருக்கு. கெட்டுப்போன படம் எல்லாம் எனக்கு. பேரை வெட்டிட்டுத்தான் ஒட்டுவேன். பாருங்க, இந்தம்மா கொண்டை ஊசி ஒண்ணைக் கழட்ட மறந்துட்டாங்க. பாதி மண்டையைக் காணோம்."

"எங்க போச்சு?"

"ஊசி தின்னுடுச்சு. இரும்பு பக்கத்துல இருந்தா காந்தம் தடுமாறும். அந்த இடம் கறுப்பு ஓட்டையாயிடும், ஓரமெல்லாம் இழுத்துக்கிட்டு நிக்கும். இங்க பாருங்க, இவருக்குப் பின்மண்டையில மூக்கு."

"எங்க மாமா ஒருத்தர் இப்படித்தான். பின்னாடி நடக்கிறது எல்லாம் வாசனையிலேயே தெரிஞ்சுடும்," என்றான் கொழுந்தன்.

"இது அது இல்ல தம்பி. படம் எடுக்கிறதுக்கு நாங்க ஒரு கட்டம் போடுவோம். கட்டத்தைச் சின்னதாப் போட்டுட்டா, வெளிய நிக்கிற உடம்பு எதிர்ப்பக்கமா உள்ள வந்து விழும். பஸ்ஸுல முன்வாசல்ல இடமில்லேன்னா ஓடிப்போய்ப் பின்வாசல்ல ஏறுற மாதிரி. அது ஒரு வகைத் தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு முகம் உண்டு. முகத்தைப் பார்த்தா ஊரைச் சொல்லிடுவேன்."

டீச்சர் கொடுத்த படங்களை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். முதலில் வியாழக்கிழமைப் படம். வயிற்றுக்குக் குறுக்கே கறுப்பும் வெளுப்புமாக அலைகள், குளத்தில் கல் விழுந்ததுபோல.

"இதுதான் அந்தம்மா பயந்தது," என்றேன். "நோயா?"

"எனக்கு ரிப்போர்ட் எழுதுற வேலை இல்ல. ஆனா இந்த அலை நோய் இல்ல. நோய் உடம்போட எல்லையைத் தாண்டாது. இந்த அலை எங்க போகுது பாருங்க. தோலைத் தாண்டி, வெளிய வெறும் காத்துலயும் போயிருக்கு. காத்துக்குக் கல்லீரல் வியாதி வருமா?"

"அப்போ என்ன?"

"ஆட்டம். இந்த மெஷின் கேமரா மாதிரி ஒரு சொடுக்குல எடுக்காது. கோடு கோடாச் சேர்த்து நெய்யும். நடுவுல ஆள் அசைஞ்சா, அசைஞ்சதோட நிழல் ஒரே திசையில திரும்பத் திரும்ப விழும். மூச்சு விட்டா இவ்வளவு ஆடாது." படத்தை விரலால் தட்டினார். "இந்த உடம்பு முழுக்க நடுங்கியிருக்கு. இப்படி வந்தா ஒரு படமும் உதவாது. இன்னொரு நாள் வரச் சொல்லிடுவோம்."

பாத்ரூம் கதவைத் தாழிடாத மனிதர். வட்டக் குழாய்க்குள் தனியாக. எனக்கு ஒரு நிமிஷம் அவர்மேல் சந்தேகம் போய் இரக்கம் வந்தது. இந்தத் தொழிலில் அது கெட்ட பழக்கம்.

திங்கட்கிழமைப் படங்களில் முதல் நாலைந்தில் அதே அலை. அடுத்த ஒரு படத்தில் மட்டும், மேலிருந்து கீழாகப் புள்ளி புள்ளியாக ஒரு கோடு.

"தையல் போட்ட மாதிரி இருக்கே. கீழ்க்கடைக்காரர் வேலையா?" என்றான் கொழுந்தன்.

"கதவு," என்றார் ஸ்கேன்காரர். சொல்லும்போதே அவர் குரலில் பழைய கோபம் ஒன்று எட்டிப் பார்த்தது. "அந்த ரூம் சுவர் முழுக்கச் செம்புத் தகடு வெச்சு மூடியிருக்கு. வெளிய ஓடுற ரேடியோ அலை உள்ள வரக் கூடாதுன்னு. ஓடிக்கிட்டிருக்கும்போது யாராவது கதவைத் திறந்தா இப்படித் தையல் விழும்."

"யார் திறந்தாங்க?"

"காது கேக்கல."

அதற்கு அடுத்த படத்திலிருந்து எல்லாமே மாறிவிட்டது. ஓர் அலைகூட இல்லை. கல்லீரல் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. அதன் ஓரத்தில், வரிசையாக நாலைந்து உருண்டைகள்.

"அண்ணி, கல்லீரலுக்கு விரல் முளைச்சிருக்கு!"

"விரல்தான்," என்றார் அவர். "இடது பக்கம் கட்டத்துக்கு வெளிய நின்ன கை, வலது பக்கம் கல்லீரல் மேல வந்து விழுந்திருக்கு."

நான் எண்ணினேன். படத்தின் மறு ஓரத்தில் அவருடைய வலது கை தனியாக விழுந்திருந்தது. கல்லீரல் ஓரத்திலோ விரல்களின் கூட்டம். எண்ணினால் ஒரு கைக்குரிய கணக்கு வரவில்லை. கோத்துக்கொண்ட இரண்டு கைகள்.

"மொத்தம் மூணு கை," என்றேன்.

ஸ்கேன்காரர் டீயைக் குடித்தார். மறுக்கவில்லை.

"அந்த மூணாவது கையில, நடுவிரல்ல மட்டும் ஒரு கறுப்பு ஓட்டை இருக்கே."

"மோதிரம். இரும்பா இருந்தா கையே தெரியாது. சின்ன ஓட்டைங்கிறதால தங்கம். கழட்ட வரலேன்னா மேல டேப் சுத்தி விடுவோம்."

"வேற ஓட்டை எதுவும் இல்ல."

"இல்ல."

"அப்படின்னா, திடீர்னு கதவைத் திறந்துக்கிட்டு உள்ள போனவங்க உடம்புல அந்த மோதிரம் தவிர வேற உலோகமே இல்ல. முன்கூட்டியே எல்லாத்தையும் கழட்டி வெச்சிருக்காங்க. இந்த மாதிரி ரூமுக்கு இதுக்கு முன்னாடி போன அனுபவம் இருக்கு."

முதல்முறையாக அவர் என்னை மரியாதையோடு பார்த்தார். பிறகு எழுந்து, தன் மேஜையடியில் குனிந்து, கன்னத்தை மேஜை விளிம்பில் ஒட்டி, இடது கையைத் தோள்வரை உள்ளே நீட்டிக் காட்டினார். "குழாய்க்குள்ள அந்த இடம் எட்டணும்னா இப்படி நிக்கணும். கட்டைவிரல் நிக்கிற பக்கம் பார்த்தா இடது கை. படங்களைக் கணக்குப் பார்த்தா இருபத்தஞ்சு நிமிஷம். நான் ஆளைப் பத்திப் பேசல, கையைப் பத்திப் பேசுறேன்."

அலை இல்லாத அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாருடைய கையைப் பிடித்தால் என் உடம்பு இப்படி அடங்கும் என்று யோசித்தேன். பதில் கப்பலில் இருந்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஸ்கூட்டரில் ஏறும்போது கொழுந்தன் சொன்னான்: "கேஸ் முடிஞ்சுது அண்ணி. அனுபவம் இருக்கு, தைரியம் இருக்கு, கழட்ட வராத மோதிரம் இருக்கு. நர்ஸ். கல்யாணமான நர்ஸ். டீச்சர்கிட்ட எப்படிச் சொல்லப் போறீங்க?"

"வண்டியை எடு."

"வேகமாவா, மெதுவாவா?"

"நீ பேசாம ஓட்டுற வேகத்துல."

---

டீச்சரின் வீடு நாலாவது மாடி. லிஃப்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. "எஞ்ஜினியர் குடியிருக்கிற கட்டடம்னு இதை வெச்சே சொல்லலாம்," என்று மூச்சு வாங்கினான் கொழுந்தன்.

டீச்சர் எங்களைத் தன் அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். சிவப்பு சூட்கேஸ் அங்கே நின்றது. மணி ஐந்தே முக்கால்.

"சொல்லுங்க மேடம். லேடி இருக்காங்களா?"

"இருக்காங்க."

அவள் சூட்கேஸின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். "யாரு?"

நான் பதில் சொல்வதற்குள், தட்டாமல் கொள்ளாமல் கதவு திறந்தது. டீத் தட்டோடு அவளுடைய அம்மா உள்ளே வந்தார். தட்டு முழுவதும் வலது கையில். இடது கை உடம்போடு ஒட்டித் தொங்கியது. அதன் நடுவிரலில் தேய்ந்த தங்க மோதிரம் ஒன்று, கட்டின கம்பியை மரம் விழுங்கியதுபோலச் சதைக்குள் புதைந்திருந்தது.

கொழுந்தன் மோதிரத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். 'நர்ஸ்' என்று சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

"அம்மா, இந்த மூணு கைப் படத்தை இடது கையால கொஞ்சம் தூக்கிப் பிடிக்க முடியுமா?" என்றேன்.

அந்த அம்மா படத்தைப் பார்த்ததுமே தட்டைக் கீழே வைத்துவிட்டார். "முடியாது. இருபத்தஞ்சு நிமிஷம் அந்தக் குழாய்க்குள்ள கையை விட்டுக்கிட்டு நின்னு பாருங்க, உங்களாலயும் முடியாது."

"அம்மா!" என்றாள் டீச்சர். அவள் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நீயா?"

"வேற யாரு? வியாழக்கிழமை தனியாப் போய் நடுங்கிட்டுத் திரும்பி வந்துட்டார். கூட யாரையாவது கூட்டிட்டு வாங்கன்னு சொன்னாங்களாம். எனக்கு வாட்ஸ்அப்ல எழுதினார்."

"உங்க ரெண்டு பேருக்கும் பேச்சே இல்லையே!"

"அது எழுத்து. பேச்சு இல்லையே."

போனை எடுத்து நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். 'மாமாவுக்கு ஸ்கேன் எடுத்தப்போ நீங்கதானே கூட இருந்தீங்க. வயித்துல ஏதோ தெரியுதுன்னு எனக்கும் எடுக்கச் சொல்றாங்க. முடிவு வர்ற வரைக்கும் அவளுக்குத் தெரிய வேண்டாம். திரும்ப ரெண்டு மாசம் அவ அப்படி உட்கார்ந்தா என்னால பார்க்க முடியாது. வர முடியுமா?' அதன்கீழே அந்த அம்மாவின் பதில் ஒரே வரி: 'எத்தனை மணிக்கு?'

"உள்ள உங்களைக் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டேன், பதில் தெரிந்தே.

"யார் கூப்பிடணும்? கண்ணாடி வழியாப் பார்த்தேன், ரெண்டு காலும் ஆடுது. திறந்துட்டுப் போயிட்டேன். அந்த டீ குடிக்கிற ஆள் கத்தினார். கத்தட்டும். ஊசி, வளையல், கண்ணாடி எல்லாம் போனதுமே வாசல்ல கழட்டி வெச்சிருந்தேன். இவ அப்பாவோட நாலு தடவை போன பழக்கம். இந்த மோதிரம்தான் வரல, அப்பவே டேப் சுத்திவிட்டாங்க."

"என்னம்மா பேசினீங்க அவர்கிட்ட?"

"என்னத்தைப் பேசுறது? உள்ள ஓயாம இடிக்கிற சத்தம். கையைக் குடுத்தேன். புடிச்சுக்கிட்டார். அவ்வளவுதான்."

டீச்சர் அடுத்த கேள்வியைக் கேட்க வாயெடுத்தாள். அந்த அம்மாவே கேள்வியைப் புரிந்துகொண்டு, தன் அறை அலமாரியின் துணிக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். "நீர்க்கட்டி. பட்டாணி அளவு. ஒண்ணும் செய்ய வேண்டாம்னு எழுதியிருக்கு. இன்னிக்கு வந்து அவரே சொல்றதா இருந்தார். நடுவுல நான் ஏன் சொல்லணும்?"

டீச்சர் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை எழுத்து மறைத்திருக்க வேண்டும், கண்ணைத் துடைத்தாள். "நான் பெட்டி கட்டிட்டேம்மா."

"காலையிலேயே பார்த்தேன். மத்தியானம் திரும்பி வந்ததையும் பார்த்தேன். கேட்டேனா?"

படிக்கட்டில் பாட்டுச் சத்தம் கேட்டது. சுருதி எந்தப் பக்கம் போனாலும் பாட்டு வேறு பக்கம் போயிற்று. டீச்சர் சொன்னது உண்மை, சகிக்கவில்லை. பாட்டு வாசலில் நின்றது. உயரமான, களைத்த மனிதர் ஒருவர் அறை வாசலில் வந்து எங்களைப் பார்த்தார், கட்டிலில் கிடந்த படங்களைப் பார்த்தார், கடைசியாகச் சிவப்பு சூட்கேஸைப் பார்த்தார்.

"யாரு... ஊருக்குப் போறாங்க?"

அடுத்த இரண்டு நொடிகள் டீச்சரின் முகம் ஒரு குழந்தையின் முகமாக இருந்தது. செய்யாத தப்புக்கு அல்ல, செய்ய இருந்த தப்புக்கு மாட்டிக்கொண்ட குழந்தை.

"நாங்கதான் சார்," என்றான் கொழுந்தன். "எங்க பெட்டி. வெளியூர் போறோம். வழி தெரியல. பூகோள டீச்சராச்சே, மேப் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்."

இதைவிட மோசமான பொய்யை நான் கேட்டதில்லை. இதைவிட நல்ல நேரத்திலும் கேட்டதில்லை.

அவர் டீச்சரின் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டார். "நானே சொல்லணும்னு..."

"எல்லாம் தெரியும். மூணு கையோட படம் நல்லா வந்திருக்கு," என்றாள் அவள். "முகம் கழுவிட்டு வாங்க."

அவர் நகரவில்லை. மாமியாரின் தொங்கும் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அத்தை... தோள் எப்படி இருக்கு?"

எட்டு வருஷத்தில் முதல் வார்த்தை. அந்த அம்மா திடுக்கிட்டு, பழக்கதோஷத்தில் மகள் பக்கம் திரும்பினார்.

"பரவாயில்லைன்னு சொல்லு."

"நீயே சொல்லு. போஸ்ட் ஆபீஸ் இன்னிக்கு லீவு," என்றாள் டீச்சர்.

நாங்கள் அங்கே இருப்பது சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. எழுந்தேன். கொழுந்தன் வேறு வழியில்லாமல் சூட்கேஸைத் தூக்கினான். எங்களுக்குப் பின்னால் பதில் வந்ததா இல்லையா என்று காது கொடுக்கவில்லை.

மூன்றாவது மாடியில் அவன் பெட்டியை இறக்கிவைத்தான். "அண்ணி, உள்ள உலக உருண்டையையே வெச்சுக் கட்டியிருக்காங்க போல. நாளைக்கு வந்து இதை நானே மேல தூக்கிட்டுப் போகணும், இல்ல?"

"பொய் சொன்னவன்தான் சுமக்கணும்."

குனிந்து, ஜிப்பில் சிக்கியிருந்த நீலத் துணி முனையை இழுத்துப் பார்த்தேன். அது ஒரு சட்டைக் கையின் முனை. விளிம்பு தேய்ந்து, பொத்தான் வைத்து, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்ட ஆண்பிள்ளைச் சட்டை.

கொழுந்தனும் பார்த்தான். "கோவிச்சுக்கிட்டுக் கிளம்புறவங்க, அவர் சட்டையை எதுக்கு அண்ணி எடுத்து வெச்சாங்க?"

"மேல போய்க் கேட்டுட்டு வர்றியா?"

அவன் ஏறிப் போக வேண்டிய படிகளை அண்ணாந்து பார்த்தான். பிறகு, அவனுக்கே வழக்கமில்லாத கவனத்தோடு, அந்தத் துணி முனையை உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்து மூடினான்.

மேலே பாத்ரூமில் பாட்டு ஆரம்பித்தது. முதல் வரி முடிவதற்குள் ஒரு கதவு தட்டப்படாமல் திறக்கும் சத்தம். தொடர்ந்து அந்த அம்மாவின் குரல், நடுவில் யாரும் இல்லாமல் நேராக:

"முகம் கழுவ இவ்வளவு நேரமா? பாட்டை நிறுத்திட்டு வெளிய வாங்க மாப்பிள்ளை, டீ ஆறுது!"

கொழுந்தன் பெட்டியைத் தோளில் ஏற்றினான். "பேச ஆரம்பிச்சுட்டாங்க அண்ணி. பாவம் மனுஷன், எட்டு வருஷம் நிம்மதியா இருந்தார்."